டேங்கில் காற்று இல்லை

"மோட்டார் ரூம் சாவியக் குடுங்க" என்றாள் மதிவதனி.

கிரில் கதவுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த நீலமேகம் பேப்பரைத் தாழ்த்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கேட்டது யார் என்று தெரிந்துவிட்டது. கேட்டது என்ன என்பதுதான் அவருக்கு உடனே பிடிபடவில்லை. அந்த வீட்டில் அந்தச் சாவியை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மதிவதனியின் அப்பா நடராசன் இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டு மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறார். காலை ஆறு மணிக்குப் பின்பக்கமாக வருவார். துவைக்கிற கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று ஒருமுறை இருமுவார். நீலமேகத்தின் மனைவி திரிபுரசுந்தரி, நடராசன் குடும்பத்துக்கு ஆச்சி, சாமி அலமாரி ஆணியிலிருந்து சாவியை எடுத்துவந்து கல்லின்மேல் வைப்பார். அவர் திரும்பி உள்ளே போனதும் நடராசன் எடுத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அதே கல்லில் வைத்துவிட்டு வருவார். ஆச்சி அசந்து தூங்கிவிட்ட நாளில் நின்றுகொண்டே இருப்பார். ஒருதரம் பத்து மணிவரை நின்றார்.

"சாவின்னு நம்ம வாயால கேக்கக் கூடாதும்மா. அவங்களா எடுத்து வைக்கணும். கேட்டா அது வேற மாதிரி" என்று மகள் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே சொல்லி வைத்திருந்தார். வேற மாதிரின்னா எந்த மாதிரி என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

"என்ன கேட்ட?" என்றார் நீலமேகம்.

"சாவி சார். பிரஷர் டேங்கப் பாக்கணும்."

"ஒங்கப்பன் எங்க?"

"உங்க தென்னந்தோப்புல மண்ணு வெட்டிக்கிட்டு இருக்காரு. மூணு நாளா."

அவர் 'சார்' என்பதை ஒருமுறை வாய்க்குள் போட்டுப் பார்த்தது மாதிரி இருந்தது. நடராசன் குடியிருக்கும் தெருவிலிருந்து வருகிறவர்கள் ஐயா என்பார்கள். சார் என்பது மரியாதைதான், குறை சொல்ல முடியாது. ஆனாலும் என்னவோ குறைந்தது.

"நீ பாத்து என்ன தெரியப்போவுது? டேங்க் போட்ட கம்பெனிக்கு எம்மவன் ஹரி போன் பண்ணிருக்கான். ஆளு வரும்."

"எப்ப வரும்?"

"வரும்."

"நான் ரைஸ் மில்லுல கம்ப்ரஷர் பாக்குறேன் சார். காத்து அடைச்ச டேங்குதான் எனக்குப் பொழப்பே. இன்னக்கி லீவு போட்டுட்டு வந்துருக்கேன். பத்து நிமிஷம் பாத்தா லீக்கு எங்கன்னு சொல்லிடுவேன். எங்க வீட்டு லைன்லதான்னா, நானே எங்கப்பாகிட்டேர்ந்து மம்புட்டிய வாங்கி மிச்சத்த வெட்டுறேன்."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். உள்ளே திரும்பி, "இந்தா, அந்தச் சாவிய எடுத்தா" என்றார்.

ஆச்சி சாவியோடு வந்து நின்றார். முன்வாசலில் துவைக்கிற கல் இல்லை. எங்கே வைப்பது என்று கண் ஒரு சுற்றுச் சுற்றியது. மதிவதனி கையை நீட்டியபடியே நின்றாள். கடைசியில் கிரில் கம்பிக்குக் குறுக்கே ஓடிய இரும்புச் சட்டத்தில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள்.

*

அந்த டேங்க் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன் மொட்டை மாடியில் சிமெண்டுத் தொட்டி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஹரிஹரன் மனைவியோடு பொங்கலுக்கு வந்திருந்தபோது, மாடி பாத்ரூமில் ஷவர் அழுகிறது என்று பேச்சு வந்தது. அடுத்த மாசமே ஆட்கள் வந்து, நீல நிறத்தில் குள்ளத் தவலை மாதிரி ஓர் இரும்பு டேங்கைக் கிணற்றடி அறையில் வைத்தார்கள். மோட்டார் தண்ணீரை இழுத்து அதற்குள் நெருக்கி அடைக்கும். அழுத்தம் ஏறினதும் தானாக நிற்கும். வீட்டில் குழாயைத் திறந்து அழுத்தம் இறங்கினால் தானாக ஓடும். ஷவர் ஊசியாகக் குத்தியது. மருமகள் நான்கு நாள் குளித்துவிட்டு பெங்களூர் போய்ச் சேர்ந்தாள்.

கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளி. சுற்றுவட்டாரத்தில் எங்கே போர் இறக்கினாலும் உப்பு. மணல்திட்டில் இருக்கும் இவர்களுடைய உறைகிணறு மட்டும் இளநீர் மாதிரி. அதிலிருந்து ஓர் அரை இஞ்சு பைப் தென்னை வரிசைக்கு அடியில் எழுபது மீட்டர் ஓடி, நடராசன் வீட்டுக் கொல்லையில் தலை தூக்கும். மோட்டாரையும் தோப்பையும் நடராசன் பார்த்துக்கொள்வதற்கு அந்தக் குழாய்தான் கூலி. எழுத்து எதுவும் கிடையாது. நீலமேகத்தின் அப்பா சொன்ன வாக்கு.

ஆயுத பூசை கழிந்து பத்து நாளில் மோட்டாருக்குக் கிறுக்குப் பிடித்தது. குழாயைத் திறந்தால் டக்கென்று ஓடும், டக்கென்று நிற்கும், மறுபடி ஓடும். கை கழுவுவதற்குள் ஏழெட்டுத் தடவை. யாரும் குழாயைத் தொடாதபோதும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை டக். ஹரிஹரன் போனில் கேட்டுவிட்டு, "எங்கயோ லீக்கு இருக்குப்பா. வெளிய போற லைன மொதல்ல அடைங்க" என்றான். அடைத்தார்கள். நடராசன் வீட்டுக் குழாய் காய்ந்தது. டக் நிற்கவில்லை.

அப்படியானால் லீக் வெளியே இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீலமேகம் வேறு மாதிரி நினைத்தார். அடைத்த வால்வுக்கு முன்னாலேயே எங்கோ மண்ணுக்கடியில் ஒரு ஜாயிண்ட் போட்டு, அதே லைனை ஒட்டி வேறு பைப்பில் நடராசன் தண்ணீர் இழுக்கிறான். இதை நடராசன் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கோட்டுச்சேரி உரக்கடையில் யூரியா வாங்கும்போது நாலு பேர் முன்னால் சொன்னார். சாயங்கால பஸ்ஸில் அது ஊர் வந்து சேர்ந்தது. நடராசனிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். "லைன ஒருதரம் தோண்டிப் பாத்துடுவோம் நடராசா. ஒனக்கும் நல்லதுதானே."

நடராசன் தன் மண்வெட்டியையே கொண்டுபோனார்.

ஐப்பசி மழை. மணலை வெட்டி மேலே போட்டால் பாதி சரிந்து உள்ளே வரும். முழங்கால் ஆழத்தில் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கும். பைப்பு நனைந்திருப்பது கசிவாலா மழையாலா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, அவர் ஒவ்வொரு அடியாக பைப்பைக் கையால் தடவித் தடவிப் போனார். திருடவில்லை என்பதற்கு அத்தாட்சி கிடைத்துவிடாதா என்று தேடுகிற மாதிரி.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் அம்மா அஞ்சுகம் மத்திமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மண்டபத்தூர் மீன்காரி கொடுத்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டுக் காசியம்மாவிடமிருந்து இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். தெருவில் கொம்யூன் பஞ்சாயத்துப் பைப்பு வந்து இரண்டு வருஷமாகிறது. காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். லேசாகக் கரிக்கும். நடராசன் வீடு ஒன்று மட்டும்தான் இணைப்பு வாங்காத வீடு. ஐயா வீட்டுத் தண்ணியக் குடிச்சுக்கிட்டு இன்னொண்ணுக்கு எழுதிக் குடுத்தா மனசு சங்கடப்படுவாங்க என்று விட்டுவிட்டார்.

"காசியம்மா என்ன கேக்குறா தெரியுமா?" என்றாள் அஞ்சுகம். "ஏன்க்கா, திருட்டு லைனு இருக்கையில எங்கூட்டுக்கு ஏன் கொடத்தத் தூக்கிட்டு வர்றன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. மீனுக்குள்ள முள்ளு இருக்குற மாதிரி, சிரிப்புக்குள்ள குத்தலு இருந்துச்சு."

"நீ என்னம்மா சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? நானும் சிரிச்சேன். தண்ணி வேணுமுல்ல."

நடராசன் கையிலிருந்த ஈர மண்ணைச் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வீட்டுத் தோப்பிலிருந்து கீழே விழுந்த தேங்காயைக்கூட எடுத்து வந்ததில்லை. எடுத்தால் என்ன என்று மகள் கேட்டுச் சண்டை போட்ட காலமும் உண்டு.

"வெட்டி முடிச்சுட்டா அவரே தெரிஞ்சுப்பாரு" என்றார்.

"தெரிஞ்சுக்கிட்டு?"

"தெரிஞ்சுப்பாரும்மா."

அப்போதுதான் மதிவதனி மில் மேலாளருக்கு லீவு கேட்டு மெசேஜ் அனுப்பினாள்.

காலையில் மெயின் ரோட்டில் அமீர் நிஷாவின் பஞ்சர் கடைக்குப் போனாள். புருஷன் துபாயில் இருக்க, கடையை அமீர் நிஷாதான் ஓட்டுகிறாள். மிதிக்கிற பம்ப்பையும் காற்று அளக்கும் கருவியையும் கேட்டபோது, டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"எந்த வண்டிக்குடி?"

"வண்டி இல்லக்கா. நீலமேகம் வீட்டுத் தண்ணி டேங்குக்கு."

"யா அல்லா, தண்ணிக்கு எதுக்குடி காத்து? நீ படிச்ச படிப்புல எங்க டயருக்குத் தண்ணி ரொப்பச் சொல்லுவ போலருக்கே!"

"அதுக்குள்ள ரப்பர் பை ஒண்ணு இருக்குக்கா. பைக்குள்ள தண்ணி, சுத்தி காத்து. காத்து நெருக்கித் தள்ளுறதாலதான் தண்ணி மேல ஏறுது."

"ரப்பருன்னு சொல்லு, அப்ப நம்ம எனம்தான்." அமீர் நிஷா டப்பாவைக் கிளறி இரண்டு வால்வு ஊசிகளை எடுத்துக் கொடுத்தாள். "இதையும் வச்சுக்க. பத்துக்கு எட்டு கேசு இந்தச் சுண்டுவெரலு சாமானாலதான். பெரிய டயரக் கொற சொல்லுவானுங்க."

*

மோட்டார் அறை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம். நடுவில் உறைகிணறு, மேலே கம்பி வலை. கிணற்றின் விளிம்பில் ஆடிப்பெருக்குக்குப் பூசிய மஞ்சள் இன்னும் இருந்தது. சுவரை ஒட்டி மோட்டார், அதற்குப் பக்கத்தில் நீல டேங்க். உள்ளே நுழையும்போதே மோட்டார் ஒருமுறை டக்கென்று ஓடி நின்றது.

நடராசன் தோப்பிலிருந்து ஓடி வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் மண். மகள் கையில் சாவியைப் பார்த்தார்.

"யாரு குடுத்தா?"

"கேட்டேன். குடுத்தாங்க."

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நீலமேகம் குடை பிடித்துக்கொண்டு வந்து நிலைக்கு வெளியே நின்றார். அவருக்குப் பின்னால், தாழ்வாரத்து ஓரமாக ஆச்சி.

மதிவதனி முதலில் சுவிட்சை அணைத்தாள். பிறகு ஸ்பேனரின் பிடியால் டேங்கை உச்சியிலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே வந்தாள். தொம், தொம், தொம். எல்லா இடத்திலும் ஒரே சத்தம்.

"கேட்டீங்களா சார்? மேல்பாதி வெண்கலப் பான மாதிரி கணகணன்னு கேக்கணும். அங்க காத்து இருக்கணும். கழுத்து வரைக்கும் தண்ணி நிக்கிது."

"தண்ணி டேங்குல தண்ணிதான் நிக்கும்."

"தண்ணிய நெருக்க முடியாது சார். காத்தத்தான் நெருக்க முடியும். நெருக்குன காத்து வில்லு மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கும், அதனால மோட்டாரு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். காத்து போயிட்டா ஒரு சொட்டு வெளிய போனாலும் அழுத்தம் சரிஞ்சுடும். ஒடனே மோட்டாரு ஓடும். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் ரொம்பிடும். ஒடனே நிக்கும். அதான் டக்கு டக்குன்னு அடிச்சுக்குது. எங்க லைன அடைச்சாலும் அடிச்சுக்கும். இந்த ஊரையே அடைச்சாலும் அடிச்சுக்கும்."

நீலமேகம் குடையைக் கை மாற்றினார். அவர் பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். விளங்கிவிட்டது என்று முகம் சொன்னது.

"காத்து ஏன் போவணும்? ரெண்டு வருசமா போவலியே."

"அதத்தான் பாக்கணும்."

டேங்கின் தலையில் கட்டைவிரல் அளவு பித்தளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் டியூபில் இருக்குமே, அதே மாதிரி. அதன்மேல் கறுப்பு மூடி. அவள் மூடியைத் திருகி எடுத்தாள்.

மூடியின் உட்புறத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. பித்தளையின் வாயைப் பார்த்தாள். வாய் நிறைய சந்தனம். நடுவில் ஊசி இருக்க வேண்டிய இடத்தில், காய்ந்து வெடித்த சந்தனத்தின்மேல், சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு. பார்ப்பதற்கு அழகாகக்கூட இருந்தது.

அவள் எதையும் துடைக்கவில்லை. நகர்ந்து நின்றாள்.

"சார், இஞ்ச வந்து பாருங்க."

நீலமேகம் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன இது, சாந்தா? யாரு இதுல போயி சாந்த அப்புனது?"

கேட்டு முடித்த பிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவருக்கு உறைத்தது.

ஏனென்றால் அது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆயுத பூசையன்று மோட்டார் அறையைக் கழுவித் துடைப்பது நடராசன் வேலை. போன மாசமும் சுவிட்சுப் பெட்டியிலிருந்து கிணற்று வலை வரைக்கும் துடைத்தார். புளி போட்டு விளக்கினால் பளபளக்குமே என்று இந்தத் தடவைதான் அந்தக் கறுப்பு மூடியைக் கழற்றிவைத்துவிட்டுப் பித்தளையையும் விளக்கினார். அதோடு அவர் வேலை முடிந்தது. செருப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்த் துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் கைகட்டி நிற்பார். குளித்து ஈரத்தலையோடு வந்து ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது ஆச்சி. வேறு யாரும் தொடக் கூடாது. மருமகளே அதைத் தொட்டதில்லை. பளபளவென்று நீட்டிக்கொண்டிருந்த பித்தளைக்கு, மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்து, மோதிர விரலால் அழுத்திவிட்டிருக்கிறார். அழுத்தின அழுத்தில் ஊசி இறங்கி, சந்தனத் துகள் அதன் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. பூசை முடிந்ததும் நடராசன் வந்து, பொட்டு அழியாமல் பார்த்து, மூடியைத் திருகினார். அன்றிலிருந்து டேங்க் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

மழை ஓட்டின்மேல் சடசடவென்று இறங்கியது. மதிவதனி ஆச்சியைப் பார்த்தாள். நான்தான் வச்சேன், எனக்குத் தெரியல என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியது. அதைச் சொல்லிவிட்டால் அவள் அந்தச் சந்தனத்தைச் சிரித்துக்கொண்டே துடைத்துவிடுவாள்.

"நாந்தாங்கய்யா" என்றார் நடராசன்.

அவள் திரும்பினாள்.

"மூடியக் கழட்டுனது நாந்தானுங்களே. திரும்ப மாட்டயில கையில சாந்து இருந்துருக்கும். கவனிக்காம அப்பிட்டேன் போலருக்கு."

நீலமேகம் ஒரு வினாடி மனைவி பக்கம் பார்த்தார். பிறகு நடராசன் பக்கம் பார்த்தார். எது சுலபமோ அதை எடுத்துக்கொண்டார்.

"சரி விடு. தெரியாம நடந்ததுதானே."

"வெளக்குல எண்ண இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்" என்று ஆச்சி உள்ளே போனார்.

"எங்கப்பா சந்தனக் கிண்ணத்தத் தொட நீங்க விட்டதே இல்லியே சார்" என்றாள் மதிவதனி.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வேலையப் பாரு புள்ள."

அவள் வேலையைப் பார்த்தாள். அதற்குள் அவளுக்கு முடிவாகிவிட்டது. கோபம் வந்தால் அவள் கை நடுங்காது. இன்னும் துல்லியமாகும். மில்லில் இதற்கே பெயர் வாங்கியிருந்தாள்.

வீட்டுக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு டேங்கின் அடிக்குழாயைத் திறந்தாள். காற்று இருக்கிற டேங்க் என்றால் தண்ணீர் பீறிட வேண்டும். இது சோம்பலாக வழிந்தது. வாளி மாற்றி வாளி பிடித்து நடராசன் வெளியே கொண்டுபோய் வாழைக்கு ஊற்றினார். பழக்கம்.

சந்தனத்தைக் குச்சியால் சுரண்டி எடுத்து, ஊசியை விரலால் அழுத்தினாள். தண்ணீர் வந்தால் உள்ளே பை கிழிந்திருக்கிறது என்று அர்த்தம், டேங்கையே மாற்ற வேண்டும். எதுவும் வரவில்லை. பை நன்றாக இருக்கிறது. பழைய ஊசியைக் கழற்றி வீசிவிட்டு அமீர் நிஷா கொடுத்ததை மாட்டினாள்.

டேங்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தாள். மோட்டார் இருபது பவுண்டில் ஓடத் தொடங்கும். காற்று அதைவிட இரண்டு குறைவாக இருக்க வேண்டும்.

"பதினெட்டு பவுண்டு. மிதிப்பா."

நடராசன் பம்ப்பை மிதித்தார். நீலமேகம் போன் வந்து தாழ்வாரத்துக்குப் போயிருந்தார். பம்ப்பின் புஸ் புஸ் சத்தத்துக்கு நடுவே அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏன்ப்பா அப்படிச் சொன்ன?"

"ஆச்சி மொகம் சுண்டிப் போச்சும்மா. நீ பாக்கல?"

"பாத்தேன். அதுக்கு?"

"எல்லார் எதுக்கயும் அவங்களச் சொல்லிட்டா, நாளைக்கி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கல்லுக்கிட்ட நிப்பேன்? திருடுனான்னாதாம்மா அசிங்கம். அது இல்லன்னு ஆயிட்டுல்ல? தெரியாம பண்ணிட்டான்னா அதுல என்ன போயிட்டு?"

"ரெண்டுமே நீ பண்ணலப்பா."

"அதான் எனக்குத் தெரியுமே."

"ஒனக்குத் தெரிஞ்சா போதுமா?"

அவர் மிதித்தார். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது. மூன்று நாள் மண் வெட்டிய கால், இப்போது அவர்கள் டேங்குக்குக் காற்று மிதிக்கிறது. "எத்தினி ஆவுது?" என்றார்.

"பதினாறு. இன்னும் கொஞ்சம்."

பதினெட்டு வந்ததும் கருவியை எடுத்துவிட்டு மூடியைத் திருகினாள். அடிக்குழாயை அடைத்து, வீட்டு வால்வைத் திறந்து சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. பிரஷர் மீட்டரின் முள் மெல்ல மெல்ல ஏறியது. இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிவிட்டு நின்றது. அந்த அமைதியை நடராசன் காதைச் சாய்த்துக் கேட்டார். வெளிக்குழாயைத் திறந்து ஒரு வாளி பிடித்தாள். மோட்டார் பேசவில்லை. இரண்டாவது வாளி பாதியில்தான் ஓடியது.

ஆனால் எல்லாக் குழாயும் அடைத்த பிறகும் முள் மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருந்தது. போன் பேசி முடித்து வந்த நீலமேகத்திடம் காட்டினாள்.

"பாரு, பாரு. லீக்கு இருக்குங்கறேன்ல?" அவர் குரலில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது.

"இருக்கு சார். மாடி பாத்ரூமுக்குப் போற வால்வ அடைக்கிறேன், முள்ளப் பாருங்க."

அடைத்தாள். முள் நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அசையவில்லை. திறந்தாள். இறங்கியது. அவர் மாடிக்குப் போனார். திரும்பி வரும்போது கை ஈரமாக இருந்தது.

"கக்கூஸ் ஃப்ளஷ்ல சொட்டுது."

"வாஷர் மாத்தணும். இருவது ரூவா சாமான்."

"ம்."

அவ்வளவுதான். மூன்று நாள் வெட்டின பள்ளம் முழுக்க, அந்த ஒரு 'ம்'முக்குள் போய்விட்டது.

ஆச்சி டீ கொண்டுவந்தார். நீலமேகத்துக்கு எவர்சில்வர் டம்ளர். நடராசனுக்கும் மதிவதனிக்கும் பேப்பர் கப். கொரோனா வந்ததிலிருந்து அந்த வீட்டில் வெளியாட்களுக்குப் பேப்பர் கப்தான். கொரோனா போனது இன்னும் அந்த அடுப்படிக்குத் தெரியவில்லை. கொடுக்கும்போது ஆச்சி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சீனி போதுமா பாரு" என்றார். குரல் இளகியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், அதற்குப் பதிலாகச் சீனியைக் கூடப் போட்டிருந்தார். மதிவதனி ஒரு வாய் குடித்தாள். தித்திப்பு தொண்டையில் நின்றது. கப்பைக் கீழே வைத்தாள்.

"லைன தொறந்து விட்டுக்க நடராசா" என்றார் நீலமேகம். "மழ விட்டதும் தோண்டுனத மூடிடு. மாடு கீடு கால வச்சுடப் போவுது."

"சரிங்கய்யா." நடராசன் முகம் மலர்ந்தது. வெளி வால்வை நோக்கிப் போனார்.

"உரக்கடையில ஒண்ணு சொன்னீங்களே சார். அத எப்பப் போயி மூடுவீங்க?" என்றாள் மதிவதனி.

"நான் என்ன சொன்னேன்?"

"திருட்டு ஜாயிண்ட்டுன்னு."

"அட, பேச்சுவாக்குல எவனாவது ஒண்ணக் கேட்டுட்டு ஒம்போது சொல்லுவான். அதையெல்லாம் புடிச்சுக்கிட்டு..." அவர் டீயை ஆற்றினார். "ஒங்கப்பனப் பத்தி எனக்குத் தெரியாதா? வெவரமான புள்ளைய பெத்துருக்கான். இந்தா மதி, இனிமே மாசத்துக்கு ஒருக்கா நீயே வந்து இந்தக் காத்தப் பாத்துட்டுப் போ. அவனுக்கும் வயசாயிட்டு. நம்ம வீடு மாதிரி வந்துட்டுப் போ."

நடராசன் வால்வில் கை வைத்தபடி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பெருமை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வரமாட்டேன் சார். மாசா மாசம் தேவையில்ல. ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாத்தா போதும், ஸ்டிக்கர்லயே போட்டுருக்கு. சைக்கிள் பம்ப் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா ஆச்சியே அடிச்சுக்கலாம். பதினெட்டு பவுண்டு. பொட்டு வைக்கணும்னா கீழ, வயித்துப் பக்கமா வச்சுக்கச் சொல்லுங்க."

நீலமேகத்தின் டம்ளர் வாய்க்குப் போகாமல் நின்றது. ஆச்சி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மதி" என்றார் நடராசன், அதட்டலும் கெஞ்சலும் கலந்து.

அவள் பம்ப்பை டியூபோடு சுருட்டிப் பைக்குள் வைத்தாள். சாவியை எடுத்து நீலமேகத்தின் கையில் கொடுத்தாள். அவர் தன்னையறியாமல் வாங்கிக்கொண்டார்.

"நான் கோட்டுச்சேரி போறேன்ப்பா. கொம்யூன் ஆபீசு அஞ்சு மணிக்குத்தான் பூட்டுவாங்க."

"எதுக்கும்மா?"

"குழாய்க்கு எழுதிக் குடுக்க."

"லைனத்தான் தொறந்தாச்சே..."

"தொறந்துருக்காங்க. மறுபடி அடைக்க எவ்வளவு நேரம் ஆவும்?"

"அது கரிக்குமேம்மா. காலயில ஒரு மணி நேரந்தான் வரும்."

"வரட்டும். கரிக்கட்டும். மனை அம்மா பேருல இருக்கு, அம்மா பேருல எழுதுறேன். இந்தத் தண்ணி வேணும்னா நீ குடிச்சுக்கப்பா. நான் தடுக்கல."

நடராசனின் கை வால்வில் இருந்தது. திறந்ததா, திறக்காததா என்று அவருக்கே மறந்துவிட்டது போல நின்றார். "சோறாவது தின்னுட்டுப் போ. ஒங்கம்மா மீனு வச்சுருக்கா" என்றார்.

"வந்து திங்கிறேன்."

"இந்தா புள்ள, மழ பேயுது. கொடைய எடுத்துட்டுப் போ" என்று நீலமேகம் பின்னாலிருந்து சொன்னார். அதில் கோபம் இல்லை. என்ன செய்வது என்று தெரியாத ஒருவரின் குரலாகத்தான் இருந்தது.

அவள் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்பக்கமாகவே வெளியே வந்தாள். ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பா நடவு வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கோட்டுச்சேரி இரண்டு கிலோமீட்டர்தான். நடந்தாள்.